பெரிய பிளாஸ்டிக் பொருளுக்கு முதல் சாம்பிள்: கேள்வி பதில்

கேள்வி: 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் ஒரு அழுக்குத்துணிக் கூடை வடிவமைத்திருக்கிறேன். த்ரீ டி பிரிண்டரில் சாம்பிள் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் முழுக் கூடையை எடுக்காதீர்கள். நான்கு பக்கமும் அடியும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 3 மி.மீ. தடிமன் என்றால் மூன்று லிட்டர் பிளாஸ்டிக், பிரிண்டரில் உருக்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 40 கிராம் உருக்கும் மெஷின் நான்கு நாள் இரவுபகலாக ஓட வேண்டும். சிறிய மெஷின்களின் மேடையோ பெரும்பாலும் 22 முதல் 25 செ.மீ. வரைதான், துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். கைப்பிடியையும் மூடி உட்காரும் விளிம்பில் ஒரு மூலையையும் மட்டும் பிரிண்ட் எடுங்கள். மொத்த அளவைப் பார்க்க அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டினால் போதும். அந்த அட்டைக் கூடையை இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள். குளியலறைக் கதவு அதில் இடிக்கிறதா என்பது காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

கேள்வி: பி.எல்.ஏ. சாம்பிளை மொட்டை மாடியில் வெயிலில் வைத்துச் சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். அது 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும்.

கேள்வி: அதே கூடையை வேக்குவம் ஃபார்மிங்கில் செய்தால் மலிவு என்கிறார்களே?

பதில்: மலிவுதான். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை, காற்றை உறிஞ்சி மோல்டின் (அச்சின்) மேல் படியவைக்கும் முறை அது; மரத்தில் ஒருபக்க மோல்டு போதும். ஆனால் கால் சதுர மீட்டர்கூட இல்லாத தகட்டை ஒரு சதுர மீட்டருக்கு இழுக்கப் பார்க்கிறீர்கள். 3 மி.மீ. தகடு சராசரியாக 0.7 மி.மீ. ஆகிவிடும், மூலைகளில் இன்னும் மெலிந்து அப்பளமாகிவிடும். ஆழம் அகலத்தில் பாதியைத் தாண்டாத மூடி, தட்டு, பேசின் போன்றவற்றுக்கு இது அருமையான முறை. ஃபிரிட்ஜின் உட்சுவரே இப்படித்தான் உருவாகிறது என்பீர்கள்; அங்கே எவ்வளவு மெலியும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பத் தடித்த தகடாக எடுக்கிறார்கள்.

கேள்வி: ஏர் கூலர் உடல் பத்து வேண்டும். கடைக்காரர்களிடம் ஓட்டிக் காட்ட வேண்டும்.

பதில்: ரசாயனத் தொட்டி செய்யும் பட்டறையைத் தேடிப் போங்கள். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, சூடான காற்றில் வெல்டிங் செய்து தருவார்கள். தண்ணீர் நிற்கும், மோட்டார் மாட்டலாம். அழகு மட்டும் கொஞ்சம் குறையும். வளைவுகள் கட்டாயம் வேண்டும் என்றால் ஃபைபர் கிளாஸ். ஆனால் அது பாலிப்ரோப்பிலீனைவிட விறைப்பானது. அதில் வளையாத சுவர் நாளை உண்மையான பொருளில் வளையும், ஏமாந்துவிடாதீர்கள். ரப்பர் போன்ற சிலிகான் மோல்டில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைத் திரவமாக வார்ப்பதைத் திருகும் குமிழ், காற்றைத் திருப்பும் தடுப்பு போன்ற சிறு பாகங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மோல்டு இருபது வார்ப்பு அளவில் ஓய்ந்துவிடும். முழு உடலுக்குச் சிலிகான் வாங்கினால் நீங்களும் ஓய்ந்துவிடுவீர்கள்.

கேள்வி: உட்கூடான பெரிய உரத்தொட்டிக்கு?

பதில்: ரோட்டோ மோல்டிங். மோல்டுக்குள் பிளாஸ்டிக் பொடியைப் போட்டு, சூடாக்கிச் சுழற்றி உட்சுவரில் படியவைக்கும் முறை; மாடித் தண்ணீர்த் தொட்டி பிறக்கும் வழி அது. உள்ளே அழுத்தம் இல்லாததால், இரும்புத் தகட்டை வெல்டிங் செய்த மோல்டே போதும். சாம்பிளுக்குப் போட்ட மோல்டிலேயே விற்பனைக்கும் எடுக்கலாம். நுணுக்கமான பொருத்தங்களை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: நான்தான் துணிக்கூடைக்காரன். "சாம்பிள் எதற்கு, நேராக இன்ஜெக்‌ஷன் டை போட்டுவிடலாம்" என்கிறார் டை செய்பவர்.

பதில்: உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்தும் இரும்பு அச்சுதான் அந்த டை. அதைப் போடுவது அவர் தொழில், அப்படித்தான் சொல்வார். மெஷினைப் பற்றிக் கேட்டீர்களா? உங்கள் கூடையின் வாய் 2,400 சதுர செ.மீ.; சதுர செ.மீ.க்கு 0.3 டன் என்று குறைவாக வைத்தாலும் டை திறந்துவிடாமல் அழுத்திப் பிடிக்க 720 டன் பிடிப்பு வேண்டும். அவ்வளவு பெரிய மெஷினை வாடகைக்குப் பிடித்துவிட்டு டையைப் பேசுங்கள். சுவருக்கு ஒன்றிரண்டு டிகிரியாவது சாய்வு கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நேர்ச்சுவர் டையைக் கவ்விக்கொண்டு வெளியே வராது. பாலிப்ரோப்பிலீன் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். 60 செ.மீ. நீளத்தில் அது ஏறக்குறைய ஒரு செ.மீ. நான் முதலில் செய்த தொட்டியில் இதைக் கணக்கில் சேர்த்தேன். வேறு பிளாஸ்டிக்கில் செய்த மூடிக்கும் அதே சதவீதத்தைப் போட்டேன். மூடி அந்த அளவுக்குச் சுருங்காமல் பெரிதாகவே நின்றுவிட்டது. டையில் இரும்பைச் சீவிவிடலாம், திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. அதனால் மூடி உட்காரும் விளிம்பில் டையின் இரும்பைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவைக்கச் சொல்லுங்கள். முதல் பத்துக் கூடைகள் ஒரு நாள் முழுக்க ஆறிய பிறகு அளந்து பார்த்துச் சீவிக்கொள்ளலாம்.