நீர்க்கட்டி இருந்தால் கண்ணும் கெடுமா?

கேள்வி: எனக்கு வயது 27. பாபநாசம் பக்கத்துக் கிராமம். கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருப்பதால், குழந்தைக்காக முட்டை வளர குளோமிஃபீன் மாத்திரை சாப்பிடுகிறேன். சில மாதமாகக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். மாத்திரை போடும் நாட்களில் பார்வையும் மங்குகிறது. மாமியார், "செல்போனைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டாய்" என்கிறார். நீர்க்கட்டிதான் காரணமா?

பதில்: மங்கலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். குளோமிஃபீன் சிலருக்குப் பார்வையை மங்கச் செய்யும். புள்ளிகளும் மின்னல் வெட்டுகளும் தெரியலாம். அடுத்த மாத்திரையைப் போடுமுன் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணைப் பரிசோதிக்காமல் அதைத் தொடரக் கூடாது. முட்டை வளர வேறு மருந்துகள் இருக்கின்றன, கவலை வேண்டாம்.

உறுத்தலுக்கு நீர்க்கட்டியும் காரணமாகலாம். இமை ஓரத்துச் சிறு சுரப்பிகள் சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. அந்தச் சுரப்பிகள் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டவை, நீர்க்கட்டி இருந்தால் ஹார்மோன் அளவு மாறும். நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குக் கண் உலர்வு கூடுதலாக வருவது அதனால்தான் என்று கருதுகிறார்கள். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதும் குறைகிறது, அந்த வகையில் மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வையுங்கள். நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறீர்களா? அது கண்ணை உலர்த்துவதோடு கருவையும் பாதிக்கும். குழந்தைக்கு முயலும்போது தொடவே கூடாது.

நீர்க்கட்டி உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதைக் கவனிக்காமல் விட்டால் விழித்திரை கெடும், ஆரம்பத்தில் வலியே இருக்காது. எனவே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-க்கு மேல் இருந்தால் இப்போதே உணவையும் எடையையும் கவனிக்க வேண்டும். 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாக இருக்கலாம், மருத்துவர் உறுதிசெய்வார்.

எடை கூடிய இளம்பெண்களுக்கு அரிதாக மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு வீங்கும். விடாத தலைவலி, குனிந்து நிமிர்ந்தால் சில நொடி கண் இருட்டுவது, காதில் நாடித்துடிப்போடு இரைச்சல், இரட்டைப் பார்வை, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கண் மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம் கண் கூசும், ஸ்கூட்டி ஓட்ட முடியாது. வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள்.