கேள்வி–பதில்: ஒத்துப்போவதா, ஒதுங்கிவிடுவதா?

கேள்வி: சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். எல்லோரும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்தான் வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒத்துப்போவதா, ஒதுங்கிவிடுவதா? — வாசகி, செல்லூர்

பதில்: ஒதுங்க வேண்டாம், சகோதரி. பத்துப் பேர் செய்வதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. பத்துப் பேரை எதிர்ப்பதாலேயே நாம் நல்லவராகிவிடவும் மாட்டோம். தாகத்துக்கு மோர் கொடுப்பதும் கூட்டத்தின் வழக்கம்தானே, எவ்வளவு அருமையான வழக்கம்! தப்பு கப்பில் மட்டும். அது 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்.

தனியாளாக எழுந்து பேசாதீர்கள். முதலில் ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், கோட்டின் நீளத்தை மற்றவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்தத் தப்போடு போனது. உண்மையைச் சொல்ல இன்னொருவர் இருந்தபோது அது வெகுவாகக் குறைந்தது. 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததும் திடீர் வீம்பல்ல. முன்கூட்டியே ஆதரவு திரட்டிய பிறகுதான்.

வசூலுக்கு முன்பே பேசுங்கள். கப் வாங்கிய பின் பேசினால் ‘காசு போச்சே’ என்ற சண்டைதான் மிஞ்சும். மாற்றையும் கையோடு சொல்லுங்கள்: வாடகைப் பாத்திரக் கடையில் 100 எவர்சில்வர் டம்ளர், கழுவ இரண்டு அண்டா, இரண்டு ஆள். கழுவும் தண்ணீர் தீர்ந்தால்தான் திட்டம் கவிழும். உடனே யாராவது கப் வாங்க ஓடுவார்கள். அந்தத் தண்ணீரைத் தனி டிரம்மில் விடியுமுன்பே நிரப்பி வையுங்கள்.