அறிவியல் கேள்வி–பதில்: உறைந்த கடலுக்கு அடியில் வழி காண்பது

முல்லைத்தீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்: எங்கள் படகில் ஜீ.பி.எஸ். உண்டு. அது பழுதானால் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைகளையும் குறியாக வைத்துத் திரும்புவோம். உறைந்த கடலுக்கு அடியில் ஆளில்லாமல் ஓடும் நீர்மூழ்கி எதைக் குறியாக வைத்துத் திரும்புகிறது?

பதில்: ஒலியைத்தான். ஜீ.பி.எஸ். செய்மதிகளின் வானொலி அலைகள் உப்புநீருக்குள் புகுந்த உடனேயே அடங்கிவிடும். ஒலியோ அதே நீரில் பல கிலோமீற்றர் செல்லும். திறந்த கடலில் ஓடும் நீர்மூழ்கி இடையிடையே மேலே வந்து தன் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம், ஆனால் தலைக்குமேல் பனி மூடியிருக்கும்போது அதற்கு வழியில்லை. ஆகவே பனியில் துளையிட்டு, சில இடங்களில் ஒலிக்கருவிகளைக் கயிற்றில் நீருக்குள் இறக்குகிறார்கள். நீர்மூழ்கி ஓர் ஒலித்துடிப்பை அனுப்ப, கருவி பதிலொலி எழுப்பும். போய்வந்த நேரத்தில் பாதியை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போன்ற கணக்கு இது. மூன்று கருவிகளிலிருந்து தூரம் தெரிந்தால் இடமும் தெரியும். இரு பக்கத்துக் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்திருந்தால், மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி இடி எவ்வளவு தூரத்தில் என்று அறிவது போல, ஒருவழிப் பயண நேரமே போதும். ஆனால் கடிகாரம் ஒரு மில்லிசெக்கன் பிசகினாலே ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் பிழைக்கும்.

உண்மையான சிக்கல் வேறு. நீங்கள் கடலுக்குப் போன இரவிலேயே கோபுரமும் பனைகளும் சேர்ந்து நகர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? மிதக்கும் கடற்பனி காற்றாலும் நீரோட்டத்தாலும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. அதில் தொங்கும் ஒலிக்கருவிகளும், நீர்மூழ்கி மீண்டும் வந்து சேரவேண்டிய துளையும் அதனுடனேயே போகின்றன. ஆகவே பனிக்கு மேலே வைத்த ஜீ.பி.எஸ். கருவிகளால் அந்த நகர்வை அளந்து கணக்கில் சேர்க்கவேண்டும். இடைவேளைகளில் டொப்ளர் கருவி பனியின் அடிப்பரப்பிலோ கடலடித்தரையிலோ ஒலியை மோதவிட்டு வேகத்தை அளக்கும். காந்தத் திசைகாட்டியை அங்கே பெரிதாக நம்பமுடியாது. காந்த முனைக்கு அருகில் அதன் முள்ளைத் திருப்பும் கிடைவிசை மிகவும் குறைந்துவிடும்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்: நீருக்குள் ஒலி நேர்கோட்டில்தானே செல்லும்?

பதில்: செல்லாது. வேகம் குறைந்த நீர்ப்படையை நோக்கி அது வளையும். நம் கடலில் மேல்நீர் வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே ஒலி வேகமாகச் செல்லும். ஆழத்தில் நீர் குளிர வேகம் குறையும், ஆகவே ஒலி கீழ்நோக்கி வளையும். ஆர்க்டிக்கில் இது தலைகீழ். பனியை ஒட்டிய நீரில் வேகம் செக்கனுக்கு 1,440 மீற்றர் அளவே. கீழே செல்லச் செல்ல அது கூடுவதால் ஒலி மேலே திரும்பி, கரடுமுரடான பனியடியில் மீண்டும் மீண்டும் மோதிச் சிதறும். உயர் அதிர்வெண் ஒலி விரைவில் தேய்ந்துவிடும், தாழ் அதிர்வெண் ஒலி தூரம் தாங்கும். அதனால்தான் நெடுந்தூரத்துக்குத் தாழ் ஒலியைத் தெரிவு செய்கிறார்கள். அதற்குப் பெரிய கருவியும் கூடிய மின்வலுவும் தேவை என்பது வேறு செலவு.

மாங்குளத்திலிருந்து ஒரு மாணவி: இப்படிப் போன நீர்மூழ்கி திரும்பாமற் போனதுண்டா?

பதில்: உண்டு. பிரித்தானியாவின் ஓட்டோசப்-2, 2005ஆம் ஆண்டு அந்தாட்டிக்காவின் ஃபிம்புல் பனியடுக்குக்கு அடியில் சிக்கிக்கொண்டது. சுவீடனின் ரான், 2022இல் டொட்சன் பனியடுக்கின் அடிப்பரப்பை வரைபடமாக்கித் தந்துவிட்டு, 2024இல் அதே இடத்துக்கு மீண்டும் போய்த் திரும்பவில்லை. இவை மிதக்கும் கடற்பனியல்ல, நூற்றுக்கணக்கான மீற்றர் தடித்த பனியடுக்குகள். துளையிட்டுத் தேடப் போவதும் எளிதல்ல.