மதியம் 2 மணிக்கு மேல் கணக்கு பிசகுவது ஏன்?

கேள்வி: தினமும் காலை 6 மணி ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு போய், ஏலக்காய் ஸ்டோரில் எடைக் கணக்கு எழுதுகிறேன். சமைத்து வைக்க 4 மணிக்கே எழ வேண்டும். படுக்க இரவு 11 ஆகிவிடுகிறது. மதியம் 2 மணிக்கு மேல் எண்களை மாற்றி எழுதிவிடுகிறேன். டீ குடித்தும் பலனில்லை.
- வாசகி, கம்பம்

பதில்: 5 மணி நேரத் தூக்கத்தை வைத்துக்கொண்டு மதியத்தில் கணக்கு பிசகாமல் எழுதுவது யாருக்கும் கஷ்டம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். தினம் 6 மணி நேரமே தூங்கினால்கூட, இரண்டு வாரத்தில் கவனம் ஓரிரு இரவு முழுக்கக் கண் விழித்தவரின் நிலைக்கு இறங்கிவிடும். 'பழகிவிட்டது' என்று நமக்குத் தோன்றும், ஆனால் தவறுகள் கூடிக்கொண்டே போகும். மதியச் சோர்வு எல்லோருக்கும் உண்டு. தூக்கக் குறைவு அதை அதிகமாக்குகிறது.

ஒரேயடியாக 9.30-க்குப் படுத்தால் தூக்கம் வராது. மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள், மூன்று வாரத்துக்குள் வந்துவிடலாம். காய் நறுக்குவதை முன்னிரவிலேயே வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்தால் 4.30-க்கு எழலாம். அந்த உதவியைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். ஜீப்பில் கண் அயர்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு கலைகிற தூக்கம் அது.

மதியம் சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். பிறகு அரை டம்ளர் டீ குடித்துவிட்டு, 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கண் மூடுங்கள். எழும் நேரத்தில்தான் டீ வேலை செய்யத் தொடங்கும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடுவீர்கள், எழுந்ததும் தலை கனக்கும். அதுவே கடைசி டீயாக இருக்கட்டும். அதிலுள்ள கஃபீனில் பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். பெரிய எடைகளை முற்பகலில் முடியுங்கள். மதியத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதட்டும்.

தூக்கம் சரியான பிறகும் அசதி தீராவிட்டால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் இரவு ஷிஃப்ட். காலையில் படுத்தால் 11 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.
- வாசகர், வாளையாறு

பதில்: ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி போடுங்கள். இரவு 2 மணிக்குப் பின் டீ வேண்டாம். குறைந்த தூக்கத்தை ஈடுகட்ட, வேலைக்குக் கிளம்பும் முன் மாலையில் 90 நிமிடம் மறுபடி படுங்கள். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வராமல் பஸ்ஸில் வாருங்கள். கண் செருகும்போது முகம் கழுவினால் சில நிமிடம்தான் தாங்கும்.