விழச் சொன்னது யார்?

அன்புள்ள அக்கா,

உங்கள் டோக்கியோ நாட்களைப் பற்றி எழுதியபோது, ஐகிடோ என்ற ஜப்பானியக் கலையைப் பழகியதாக ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இதை எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாக ஐகிடோ வகுப்புக்குப் போகிறேன், அடுத்த மாதம் கறுப்புப் பட்டைக்கான தேர்வு. போன வாரம் ஆபீஸ் பேன்ட்ரியில் குத்துச்சண்டை பழகும் நண்பர் ஒருவர், "எங்கே, எனக்கு ஒன்று போட்டுக் காட்டு" என்றார். மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் மறு கையில் இருந்த காபியைக் குடித்துக்கொண்டே நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியரிடம் சொன்னேன். ஐகிடோ சண்டைக்கானது இல்லை, இசைவுக்கானது என்றார். அப்படியென்றால் நான் கற்றது தற்காப்புக் கலையா, நடனமா? ஐகிடோவை உருவாக்கிய உயேஷிபாவைப் பற்றிச் சொல்கிற கதைகளெல்லாம் உண்மையா? பேசாமல் ஜியு-ஜிட்சுவுக்கு மாறிவிடலாமா?

க.

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவது வழக்கம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கியபோது என் பழைய டோகி, அதாவது பயிற்சி உடை, கிடைத்தது, முழங்காலில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் உங்கள் கடிதம். அதனால் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். காபி குடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதரின் மணிக்கட்டை எதற்குப் பிடித்தீர்கள்? அவர் உங்களைத் தள்ளவில்லை, பிடிக்கவில்லை, உங்கள் மேல் கையை ஓங்கவில்லை. வருகிறவனின் வேகத்தை வாங்கிக்கொண்டுதானே நீங்கள் எதையும் செய்கிறீர்கள், சும்மா நிற்கிறவரிடம் வாங்க என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு அதேமியும் இல்லை. முகத்துக்கோ விலாவுக்கோ முதலில் ஒரு அடி காட்டி, எதிராளியின் கவனமும் நிலையும் ஒரு நொடி கலையும்போதுதான் மணிக்கட்டு உங்களுடையதாகும். நண்பர் மூக்கில் குத்தியிருக்க முடியாது, சரி. அப்படியானால் கையையே நீட்டியிருக்கக் கூடாது. அவர் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆறு வருடம் பழகியவர் இதை அங்கே நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

உயேஷிபா கதைகளுக்கு நான் வரவில்லை. துப்பாக்கிக் குண்டு விலகிப்போன கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். தென்ரியூ என்ற சுமோ வீரர் மஞ்சூரியாவில் அவரை அசைத்துப் பார்க்க முயன்று தோற்று, பிறகு அவரிடமே கற்றுக்கொண்டார், அது நடந்ததுதான். அதைத் தெரிந்துகொண்டு உங்கள் பேன்ட்ரிக்கு என்ன ஆகப்போகிறது?

ஆனால் உங்கள் ஆசிரியர் சொன்ன அந்த 'இசைவு' இருக்கிறதே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. மொரிஹே உயேஷிபா 1915இல் ஹொக்கைடோவில் தகேதா சோகாகு என்ற ஆசானைச் சந்தித்துக் கற்றது தைதோ-ரியூ என்ற பழைய கலை. மூட்டை மடக்குவது, தரையில் அழுத்திப் பிடிப்பது, அடிப்பது, எல்லாம் அதில் உண்டு. தகேதாவை மென்மையான மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. 1931இல் டோக்கியோவில் உயேஷிபா திறந்த கோபுகான் கூடத்துக்கு மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர் நரக டோஜோ, நரகப் பயிற்சிக்கூடம். ராணுவப் பள்ளிகளில் அவர் பாடம் நடத்தியிருக்கிறார். 1938இல் வந்த அவருடைய பயிற்சிக் கையேட்டில், நெற்றிக்கு வரும் வெட்டைச் சமாளிக்கிற பாடத்தில் முதலில் கையை வீசுவதே நுட்பத்தைச் செய்கிறவர்தான். இன்றைக்கு வகுப்புகளில் இதைச் சொன்னால் முறைப்பார்கள். பிறகு 1942இல் டோக்கியோவை விட்டு இவாமா என்ற கிராமத்துக்குப் போய் வயலில் இறங்கினார், வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜப்பான் போரில் தோற்றது, தற்காப்புக் கலைகளுக்குத் தடை வந்தது, 1948இல் அவருடைய ஐகிடோவுக்கான ஐகிகாய் அமைப்புக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. அன்பு, இசைவு என்று இன்று நம் காதில் விழுகிற பேச்சில் பெரும்பகுதி அதற்கப்புறம் பரவியதுதான். அவர் அன்பைப் பற்றி முன்பும் பேசியவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கால் நூற்றாண்டு ஆட்களைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த ஒருவர் சொல்கிற கடைசி வரியை, நடுவில் உள்ள பக்கங்களைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

அவருடைய மாணவர்களே இந்தக் கேள்வியில் ஆளுக்கொரு பக்கம் போனவர்கள்தான். கோஸோ ஷியோடா ஐந்தடி மனிதர், 1955இல் யோஷின்கான் என்ற பள்ளியைத் தொடங்கினார், டோக்கியோவின் கலகத் தடுப்புப் போலீஸார் அங்கே போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்கிறார்கள். கென்ஜி தொமிகி ஜூடோவிலிருந்து வந்தவர், வசேதா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஒருவர் கையில் மெத்தென்ற பொம்மைக் கத்தியைக் கொடுத்து நிஜமாகவே குத்தச் சொன்னார், மற்றவர் வெறுங்கையோடு சமாளிக்க வேண்டும். போட்டி என்ற சொல்லே உயேஷிபாவுக்கு ஆகாது, அதனால் தொமிகியின் வழி தனியாகப் போனது. தொமிகி எழுப்பிய கேள்வி உங்கள் கேள்வியேதான்: எதிரே நிற்கிறவன் விழ மறுத்தால்?

எனக்கு இதை யாரும் புத்தகத்தில் காட்டவில்லை.

எடொகாவா வார்டின் விளையாட்டுக் கூடம் ஒன்றில் வியாழக்கிழமை இரவுகளில் எங்கள் வகுப்பு. ஏழு மணிக்கு ஜூடோப் பிள்ளைகள் கத்திக்கொண்டே வெளியேறியதும் நாங்கள் நுழைவோம். ஒன்பதுக்குள் தத்தாமி விரிப்பைப் பெருக்கித் துடைத்து விளக்கை அணைத்தாக வேண்டும். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வருவார். ஆசிரியர் இல்லை, எங்களைப் போல மாதச் சந்தா கட்டுகிறவர். அவருடைய ஹக்காமா, இடுப்பில் கட்டும் அகலக் கால்சட்டை, கருநீலம் வெளுத்து, முழங்கால் பக்கம் நூல் தெரியும்.

சேர்ந்து மூன்று வாரம் இருக்கும், அவரோடு ஜோடி சேர வேண்டி வந்தது. கையை நீட்டினார், மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்வதே தப்பு. வீட்டில் வயதானவர்கள் படியிறங்கும்போது கூடவே கையைக் கொடுப்போமே, அப்படித் தொட்டுக்கொண்டு நின்றேன். என் அப்பாவைவிட மூத்தவர், மெலிந்த கை, முறுக்கினால் என்ன ஆகுமோ என்று பயம். அவர் இடுப்பைத் திருப்பினார், நான் விழுந்தேன். அழகாகவே விழுந்தேன், உள்ளங்கை தத்தாமியில் படுகிற சத்தம்கூடச் சரியாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மனிதர் அதே இடத்தில் நிற்கிறார், இடுப்பு பாதித் திருப்பத்தில் இருக்கிறது, கை இன்னும் மேலேயே போகவில்லை.

மெதுவாக மண்டியிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். "நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே. ஏன் விழுந்தீர்கள்?"

மரியாதைக்கு விழுந்தேன் என்பதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே சொல்லியிருக்க முடியாது.

எழுந்தோம். திரும்பக் கையை நீட்டினார். பிடித்தேன். "இன்னும்" என்றார். "இன்னும்." என் விரல் முட்டிகள் வெளுத்து, தோள்வரை இறுகி, இந்தக் கிழவரை ஒரு அடிகூட நகரவிடக் கூடாது என்று எனக்கே ஒரு வீம்பு வந்த பிறகுதான் அசைந்தார். நிக்யோ, மணிக்கட்டை மடக்கும் பூட்டு. உங்களுக்கு அந்த வலி தெரியும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுண்டி இழுத்தது, என்ன நடந்தது என்று புரிவதற்குள் என் முழங்கால் தரையில் இருந்தது. அங்கே நிறுத்தினார். இன்னும் ஒரு அங்குலம் போனால் ஏதாவது கிழியும் என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அந்த அங்குலத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, என் மூச்சு சீராகும்வரை காத்திருந்து, பிறகு விட்டார். வகுப்பு முடிந்து பெருக்கும்போது அவர் மணிக்கட்டில் என் விரல்கள் நாலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நான் மன்னிப்புக் கேட்கப் போனால், மனிதர் அதைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் பேரன் வரைந்த படத்தைப் போலக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் ஆறு வருடத்தில் யார் உங்கள் கையை அப்படிப் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். எல்லோரும் நுட்பத்தைச் செய்கிறவரைப் பற்றியே பேசுகிறார்கள், தாக்கிவிட்டு விழுகிற ஜோடியான ஊகேயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லாம் அவன் கையில்தான் இருக்கிறது. அவன் பிடி பொய்யானால் நீங்கள் செய்கிற திருப்பம் சரியா தப்பா என்று உங்களுக்கு ஆயுசுக்கும் தெரியாது. அவன் வெட்டு உங்கள் நெற்றிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுபோகும் என்றால் விலகக் கற்றுக்கொள்ள உங்களுக்கு என்ன அவசியம்? ஆசிரியர் கையை அசைத்ததும் நாலு பேர் பறந்துபோய் விழுகிற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பறந்தும் இருப்பீர்கள். அது நான் மூன்றாவது வாரத்தில் விழுந்த அதே மரியாதை. ஆசிரியருக்கு மரியாதை, அண்ணன்மாருக்கு மரியாதை, தேர்வு நாளில் நண்பனுக்கு மரியாதை, இப்படி ஒருவருக்கொருவர் விழுந்து கொடுத்தே ஒரு கூட்டம் முழுக்கக் கறுப்புப் பட்டை கட்டிவிடலாம். குத்துச்சண்டைக்காரருக்கு அந்த மரியாதை தெரியாது, அவர் காபியைக் குடித்துவிட்டார். இதற்கு இசைவு என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உடனே மறு பக்கம் தாவிவிடாதீர்கள். அதே கூடத்துக்குக் கல்லூரி மாணவன் ஒருவன் வருவான், நல்ல பலசாலி, 'நிஜமான' ஐகிடோ வேண்டும் என்று பேசிக்கொண்டே இருப்பான். ஷிஹோ-நாகேயில் கையை மடக்கித் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கும்போது விழுகிறவருக்குத் தரை தெரியாது, பின்மண்டைதான் முதலில் போகும். ஜப்பானியப் பல்கலைக்கழகக் குழுக்களில் அந்த எறிதலில் மாணவர்கள் செத்தே போயிருக்கிறார்கள். அவன் என்னை இறக்கிய வேகத்தில் தலை தப்பியது, தோள் போனது. மூன்று மாதம் சீப்பைத் தூக்க முடியவில்லை. யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பெரியவர் அதே எறிதலைச் செய்யும்போது என் கை அவருடைய ஒரு கையில் பூட்டியிருக்கும், நான் எங்கும் போக முடியாது, ஆனால் இறங்கும் வேகம் என் கழுத்தைப் பார்த்துப் பார்த்துக் குறையும். அவனால் அப்படிக் குறைக்க முடியாது. அவனுக்குத் தெரிந்தது ஒரே வேகம்தான்.

சைக்கிளிலிருந்து விழுந்தபோது உருண்டு தப்பித்த கதை ஐகிடோ பழகிய எல்லோரிடமும் ஒன்று இருக்கும். என்னிடமும் இருக்கிறது, விட்டுவிடுவோம்.

ஜியு-ஜிட்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். போங்கள், தாராளமாகப் போங்கள். அங்கே யாரும் உங்களுக்காக விழ மாட்டார்கள், அது ஒன்றே உங்களுக்கு இப்போது மருந்து. ஆனால் தேர்வை எழுதிவிட்டுப் போங்கள். உங்களுக்கு ஊகேயாக யார் வரப்போகிறார் என்று இப்போதே தெரிந்திருக்கும், நல்ல நண்பராகவும் இருப்பார். வரும் வகுப்பில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் சரியாகச் செய்யாவிட்டால் விழாதே, தேர்வு நாளிலும் விழாதே என்று சொல்லுங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். தேர்வில் தோற்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா