வீட்டில் மூன்று பேர், மூன்று வயது: கவுன்சலிங் யாருக்கு, எப்படி?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு 68 வயது. அன்றிலிருந்து வயல் பக்கமே போவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், அரையாண்டுப் பரீட்சை லீவு முடிந்ததிலிருந்து காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். எனக்கே பஸ்ஸில் போகும்போது நெஞ்சு அடைத்துப் படபடப்பு வருகிறது. இரண்டு தடவை ஈசிஜி எடுத்தும் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது பஸ்ஸையே விட்டுவிட்டேன். கணவர் வெளிநாட்டில். எங்கள் டாக்டர் "மூணு பேருமே கவுன்சலிங் போங்க" என்கிறார். பெரியம்மா குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். பேசினால் இதெல்லாம் சரியாகுமா? சின்னப் பையனுக்கும் வயதானவருக்கும் ஒரே வைத்தியமா? எங்கே போவது? "அவளோட நானும் போயிருக்கணும்" என்று அப்பா அடிக்கடி சொல்கிறார். அது துக்கத்தில் வருகிற பேச்சுதானே?

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

துக்கத்தில் வருகிற பேச்சாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் திண்ணைக்கு இந்தப் பக்கம் நின்று ஊகிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, உசுரோட இருக்க வேணாம்னு தோணுதாப்பா? ஏதாவது செஞ்சுக்கலாம்னு யோசிச்சதுண்டா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று நெஞ்சு லேசாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "ஆமாம்" என்று சொல்லி, எப்படி என்றும் யோசித்து வைத்திருந்தால், அவரைத் தனியே விடாமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசில்லை.

பதில் என்னவாக இருந்தாலும் ஒரு வேலையை இன்றே முடித்துவிடுங்கள். நம் பக்கத்து வீடுகளில் ஸ்பிரேயர் பக்கத்திலேயே பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் நிற்கும். அதை எடுத்து ஊரில் நம்பகமானவர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்கு அலை மாதிரி வந்து போவது. அது உச்சத்தில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லை என்பதாலேயே பிழைத்தவர்கள் நிறையப் பேர்.

சரி, இப்போது "பேசினால் சரியாகுமா" என்ற கேள்வி. வெறும் பேச்சால் ஆகாது. புத்திமதி சொல்லி ஆகுமென்றால் உங்கள் பெரியம்மாவே போதும். உளவியல் சிகிச்சையில் பேச்சு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, வாரத்துக்கு ஒரு தடவை. வாரத்தின் மீதி நேரமெல்லாம் வீட்டில் நீங்கள் செய்து பார்ப்பதுதான் வைத்தியம். எதைச் செய்வது, எந்த வரிசையில், எவ்வளவு சின்னதாக ஆரம்பிப்பது என்று கூட உட்கார்ந்து கணக்குப் போடுவதே சிகிச்சையாளரின் வேலை. இந்த வகையில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டது, 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சிபிடி என்று சொன்னால் டாக்டர்களுக்குப் புரியும். சாதாரண மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுக்குள் முடிந்துவிடும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பா வயலை விட்டார், பையன் பள்ளிக்கூடத்தை விட்டான், நீங்கள் பஸ்ஸை விட்டீர்கள். மூன்று நோய் மாதிரித் தெரிகிறது. முடிச்சு ஒன்றுதான். வலிக்கிற இடத்தை விட்டு விலகினால் உடனே ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அடுத்த நாளும் விலக வைக்கும். விலக விலக அந்த இடம் பெரிய பூதமாகிவிடும். அவிழ்க்கிற விதம் மட்டும் வயதுக்கு வயது மாறும்.

அப்பாவை முதலில் எடுத்துக்கொள்வோம். போவதற்கு முன் தைராய்டு, பி12, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் ஆள் இப்படித்தான் சுருண்டுபோவார். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். காது மந்தமானவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்குவதை மனச்சோர்வு என்று நாங்களே ஏமாந்ததுண்டு. துக்கம் வந்து வந்து போகும். நடுவில் பேரனைப் பார்த்து ஒரு சிரிப்பு வரும், பசி எடுக்கும். மனச்சோர்வு இடைவெளி கொடுக்காது. விடிகாலை விழிப்பு, எதிலும் நாட்டமின்மை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே பார்த்துவிட வேண்டும். வருஷத் திவசம் கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வயதானவர்களுக்குப் பேச்சு வைத்தியம் ஏறாது என்பது தப்பு. வேகத்தைக் குறைத்தால் போதும். இவர் போன்றவர்களிடம் நாங்கள் மனதைத் தோண்டி ஆரம்பிப்பதில்லை, காலை நேரத்திலிருந்து ஆரம்பிப்போம். "மனசு வந்தா போறேன்" என்பார். மனசு வருவதற்கு முன்னாலேயே கால் போக வேண்டும் என்பதுதான் இந்த முறையின் சாரம். முதல் வாரம் ஆறு மணிக்கு டீக்கடை வரை, அவ்வளவுதான். அடுத்த வாரம் வாய்க்கால் மதகு வரை. அதற்கடுத்து வரப்பில் ஒரு சுற்று. போனதையும், போய்வந்த பிறகு மனசு பத்துக்கு எத்தனை என்பதையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்வோம். முதல் வாரம் இரண்டு, மூன்றுதான் இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது.

இன்னொன்று. அவர் ஏன் குறிப்பாக வயலைத் தவிர்க்கிறார் என்று யோசித்தீர்களா? நான் பார்த்த ஒரு பெரியவர் மாதக்கணக்கில் வயலுக்குப் போகவில்லை. சோம்பல் என்றார்கள், வயசு என்றார்கள். நாலாவது அமர்வில்தான் சொன்னார்: பம்புசெட் கொட்டகை நிழலில் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்காருவார், அந்த இடத்தைப் பார்க்கத் தைரியமில்லை என்று. பிறகு மகனோடு அந்தக் கொட்டகைக்கே போய், அங்கேயே உட்கார்ந்து அந்த அம்மாவைப் பற்றிப் பேசினார், அழுதார். அடுத்த நடவுக்கு ஆள் கூப்பிட அவரேதான் போனார். உங்கள் அப்பாவுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்கிறேன்.

மகன் விஷயத்தில் நேரம் முக்கியம். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வாரம் ஆனவனைத் திருப்புவதும் மூன்று மாதம் ஆனவனைத் திருப்புவதும் ஒன்றில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வயிறு வலிக்கிறதா? லீவு நாளில் வலி இல்லை, பத்து மணிக்கு மேல் வலி இல்லை என்றால் அது பெரும்பாலும் பயத்தின் வலி. நடிப்பு என்று திட்டாதீர்கள், வலி நிஜமாகவே வலிக்கும். முதலில் காரணம். யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, படிக்க எழுத வராமல் தவிக்கிறானா, டியூஷன் உட்பட எங்காவது யாராவது தப்பாக நடந்துகொண்டார்களா? கடைசியில் சொன்னது துளி சந்தேகமாக இருந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள். அதுவும் இல்லையென்றால், பாட்டி போனதிலிருந்து "நான் ஸ்கூலுக்குப் போனா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோ" என்ற பயமாக இருக்கலாம். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியதை அவன் பார்த்திருக்கிறானா?

அவனுக்கும் படிப்படிதான். யூனிஃபார்ம் போட்டு கேட் வரை, அப்புறம் நூலகத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் பிடித்த வாத்தியாரின் இரண்டு பீரியட். இதற்குத் தலைமை ஆசிரியரின் ஒத்துழைப்பு வேண்டும். சிகிச்சையாளரே பேசுவார், அல்லது கடிதம் தருவார். வீட்டில் இருக்கும் நாளில் பள்ளி நேரம் முடியும்வரை செல்போனும் டிவியும் கிடையாது. இதில் தாத்தாவும் வெளிநாட்டிலிருக்கும் அப்பாவும் நீங்களும் ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காக உங்கள் கணவரை வீடியோ காலில் ஒரு அமர்விலாவது உட்கார வையுங்கள். இதைவிடச் சின்னக் குழந்தையென்றால் நாங்கள் குழந்தையிடம் பேசுவதைவிடப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதே அதிகம்.

உங்களுக்கு வருவது பீதித் தாக்குதல் போலத் தெரிகிறது. பேனிக் அட்டாக் என்பார்கள். ஊரில் கேஸ் ட்ரபிள் என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் பேர் வைத்து டானிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கிவிடும். உயிர் போகிற மாதிரி இருக்குமே தவிர அதனால் உயிர் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நடுவழியில் இறங்கிவிட்டதால், அது தானாக இறங்கும் என்பதை உங்கள் உடம்பு தெரிந்துகொள்ளவே இல்லை. சிகிச்சையில் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி வேண்டுமென்றே படபடப்பை வரவழைப்போம். கேட்கக் கொடுமையாக இருக்கும். நாலு தடவை செய்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது வெறும் நெஞ்சு அடிப்பாகிவிடும். அப்புறம் பஸ். முதலில் அய்யம்பேட்டை வரை, பிறகு தஞ்சாவூர் வரை, பிறகு துணையில்லாமல்.

மாத்திரையா பேச்சா என்று இரண்டு கட்சியாகப் பிரிய வேண்டியதில்லை. லேசான, நடுத்தர நிலைக்கு உளவியல் சிகிச்சை மட்டும் போதுமானதாக இருக்கலாம். அப்பாவுக்குக் கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்த்துத்தான். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், அடிமையாக்காது, ஆனால் தானாக நிறுத்தக் கூடாது. படபடப்புக்கு என்று மெடிக்கலில் வாங்கிப்போடும் அல்பிரசோலம் வகையறா வேறு கதை, பழக்கமாகிவிடும்.

குணசீலம் பற்றி. அங்கே ஒரு மண்டலம், 48 நாள் தங்கும் வழக்கம் காலங்காலமாக உண்டு. போகாதே என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. காலையில் எழுந்து குளிப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, சுற்றி மனிதர்கள் என்பதெல்லாம் நாங்கள் எழுதித் தருகிற விஷயங்களேதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பிறகு போங்கள், மாத்திரை இருந்தால் அதோடு போங்கள்.

எங்கே போவது என்றால், உங்களுக்குப் பக்கம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவு. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயே அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருகிறது என்று பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ஆட்கள் குறைவு, கூட்டம் அதிகம், ஒரு மணி நேரம் கிடைக்காமலும் போகலாம். அதை மறைப்பதில் பயனில்லை.

தனியாரிடம் போனால் படிப்பைக் கேட்க வெட்கப்படாதீர்கள். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், மாத்திரை எழுத மாட்டார். கவுன்சலர் என்ற போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், அங்கேதான் சிக்கல். அதற்காகப் பெரிய பட்டம்தான் எல்லாம் என்றும் இல்லை. கோவாவில் முறையாகப் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்களே ஆறு முதல் எட்டு அமர்வில் கடுமையான மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முதல் சந்திப்பிலேயே "எத்தனை வாரம் ஆகும், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், சரியாகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் உபதேசம் பண்ணுபவரும், ஒரே சிட்டிங்கில் குணம் என்பவரும், நீங்கள் சொன்னதை உங்கள் கணவரிடம் சொல்பவரும் வேண்டாம். ரகசியம் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் கொஞ்சம்கூட மாற்றமில்லை என்றால் முறையையோ ஆளையோ மாற்றச் சொல்லலாம். எல்லோருக்கும் எல்லாம் பலிப்பதில்லை.

மூன்று பேரையும் ஒரே நாளில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அப்பா இந்த வாரம், பையன் அடுத்த வாரம், நீங்கள் அதற்கும் அடுத்து. அப்பா வரமாட்டேன் என்றால் "உனக்கு மனநோய்" என்கிற மாதிரிப் பேசாமல், "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம்ப்பா" என்று கூப்பிடுங்கள், அது பொய்யுமில்லை. தஞ்சாவூருக்கு ஆட்டோவோ காரோ பேசாதீர்கள். பஸ்ஸிலேயே போங்கள். பக்கத்தில் அப்பா இருப்பார். நெஞ்சு படபடத்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள், அய்யம்பேட்டையில் இறங்கிவிடாதீர்கள். எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.