பிஸ்பீயில பேய் நடை: பொண்ணைக் கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி: அக்கா, நாங்க அரிசோனாவுல ஃபீனிக்ஸ்ல இருக்கோம், அடுத்த மாசம் இதே மாநிலத்துல இருக்கிற பிஸ்பீங்கிற பழைய சுரங்க ஊருக்குப் போறதா பிளான். அங்க ராத்திரியில கோஸ்ட் டூர்னு ஊர் முழுக்க நடத்தி கூட்டிட்டுப் போறாங்களாமே, காசு குடுத்துப் போற அளவுக்கு அதுல விஷயம் இருக்கா? பொண்ணுக்கு எட்டு வயசு, பயந்துக்குவாளோன்னு அவங்க அப்பா யோசிக்கிறார்.
- ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தாராளமா போங்கம்மா. நான் போயிருக்கேன், இன்னொரு தடவை கூப்பிட்டாலும் போவேன். ஊரே அப்படி, ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு குறுகலான பள்ளம், வீடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி, தெருவுக்குத் தெரு செங்குத்தா படிக்கட்டு. 1880ல தாமிரம் தோண்டுறதுக்காக உருவான ஊரு, அஞ்சாயிரம் அடிக்கு மேல உயரம், அதனால பகல்ல வெயில் அடிச்சாலும் ராத்திரி காத்து ஜில்லுனு இருக்கும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, செருப்பு வேண்டாம் ஷூ போடுங்க.

பேய்க் கதைன்னா காப்பர் குயின் ஹோட்டல் தான் முதல்ல வரும். சுரங்கக் கம்பெனி கட்டி 1902ல திறந்தது. பில்லின்னு ஒரு சின்னப் பையன், சான் பெட்ரோ ஆத்துல முங்கிப் போனவனாம், வராண்டாவுல சிரிக்கிற சத்தம் கேக்கும், சாமான் இடம் மாறும்னு சொல்வாங்க. அது உங்க பொண்ணுக்குப் பிடிக்கும். ஆனா ஜூலியா லோவெல்னு இன்னொரு கதை இருக்கு, பாலியல் தொழில் பண்ணின பொண்ணு, காதலிச்ச ஆள் ஏத்துக்காததால உயிரை விட்டதா ஊர்ல சொல்றது, அந்தப் பேர்லயே அங்க ஒரு ரூம் கூட இருக்கு. எட்டு வயசுப் புள்ளைக்கு அது வேண்டாம்னு எனக்குத் தோணுது. புக் பண்ணும்போதே குழந்தை வர்றான்னு சொல்லிடுங்க, நான் போனப்ப கைடு ஒரு குடும்பத்துக்காக ரெண்டு கதையை மாத்தித்தான் சொன்னார்.

இதையெல்லாம் விட எனக்கு அன்னிக்குத் தூக்கம் போனது பேயே இல்லாத ஒரு கதையில. 1917, ஜூலை 12, விடியக்காலை. சுரங்கத் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணிட்டு இருந்தாங்க. அவங்க கேட்டது என்ன தெரியுமா, உள்ள ஆள் இருக்கும்போது வெடி வைக்காதீங்க, துளை போடுற மெஷினுக்கு ரெண்டு பேரை விடுங்க, தாமிர விலையைப் பாத்து ஏத்தி இறக்காம கூலியை ஒரே அளவா வைங்க. இந்த மாதிரிதான். அந்தப் பகுதிப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் ஹாரி வீலர் சுமார் ரெண்டாயிரம் பேருக்குத் துப்பாக்கியோட அதிகாரம் குடுத்து, கையில வெள்ளைத் துணி கட்டின அந்தக் கூட்டம் வீடு வீடாப் போய் ஆம்பளைங்களை இழுத்துட்டு வந்து, பக்கத்து வாரன்ல இருக்கிற பேஸ்பால் மைதானத்துல நிறுத்தி, 1,186 பேரை மாடு ஏத்துற ரயில் பெட்டி 23ல அடைச்சு, நியூ மெக்ஸிகோ பாலைவனத்துல ஹெர்மானாஸ்ங்கிற இடத்துல கொண்டு போய் விட்டுட்டாங்க. ஜூலை மாச வெயில், பெட்டிக்குள்ள சாணி, குடிக்கத் தண்ணி சரியா இல்ல. பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து பொழைக்க வந்தவங்க, மெக்ஸிகோக்காரங்க, செர்பியாக்காரங்க. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, ஆள் கடத்தல் மாநில விவகாரம், மத்திய சட்டத்துல வராதுன்னு 1920ல சொல்லிட்டாங்க. கடைசியில யாருக்கும் தண்டனை கிடையாது.

நாமளும் பொழைக்கத்தானே அமெரிக்காவுக்கு வந்திருக்கோம், அதனாலயோ என்னமோ எனக்கு அது ரொம்ப நெஞ்சுல தச்சிடுச்சு. சில கைடுங்க இதை ரெண்டு வரியில தாண்டிப் போயிடுவாங்க, நீங்க விடாம கேளுங்க. மறுநாள் காலையில அந்த வாரன் மைதானத்துக்கும் போங்க, 1909ல கட்டினது, இன்னிக்கும் அங்க ஆட்டம் நடக்குது.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. பிஸ்பீயில அவங்களுக்கு என்ன இருக்கு?
- இன்னொரு வாசகர், டூசான்

பதில்: படிக்கட்டுப் பக்கமே போகாதீங்க, ராத்திரி பேய் நடைக்கும் அம்மாவைக் கூப்பிடாதீங்க. காப்பர் குயின் ஹோட்டலுக்குப் பக்கத்துலயே சுரங்க மியூசியம் இருக்கு, கம்பெனியோட பழைய ஆஃபீஸ் கட்டடம் அது, நிதானமா பாக்கலாம். குயின் மைன் டூர்ல சின்ன ரயில் பழைய சுரங்கத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போகும், ஆனா சீட்டுல ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரணும், அம்மா முட்டிக்கு அது ஒத்து வராது, நீங்களும் பசங்களும் மட்டும் போங்க. ஆறு வயசுக்குக் கீழ விடமாட்டாங்க. ஜூலை ஆகஸ்ட்ல போனா சாயங்காலம் இடியோட மழை கொட்டும், அந்தப் பள்ளத்துல தெருவே ஓடை மாதிரி ஆயிடும், வெளிய போற வேலையெல்லாம் காலையிலயே முடிச்சுட்டு சாயங்காலம் அம்மாவோட ஹோட்டல்லயே இருந்துக்கோங்க.